வீட்டிலேயே பராமரிப்பு: மெடிக்கெய்ட் வெய்வர் பட்டியலில் பெயர் போடுவது

நேயர்களுக்கு வணக்கம். என்னைப் பேச அழைத்த நிலையத்தாருக்கு நன்றி. நான் டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே வசிக்கிறேன். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் உள்ள நம் குடும்பங்களுக்கு அரசு விண்ணப்பங்களை நிரப்ப உதவி செய்து வருகிறேன். என் அக்கா மகனுக்கு ஆட்டிசம். அவனுக்காகத் தேடித் தெரிந்துகொண்டது பிறகு மற்ற குடும்பங்களுக்கும் பயன்பட ஆரம்பித்தது.

இன்று மெடிக்கெய்ட் வெய்வர் பற்றிப் பேசப்போகிறேன். நர்சிங் ஹோம் போன்ற நிறுவனத்தில் சேர்க்காமல் வீட்டிலேயே வைத்துப் பராமரிக்க, மெடிக்கெய்ட் என்ற அரசு மருத்துவ உதவித் திட்டம் வழக்கமான விதிகளைத் தளர்த்திப் பணம் தரும் ஏற்பாடுதான் வெய்வர். காரில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் பாதியில் இறங்கிப் போக வேண்டியிருக்கும் என்பதால், சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் அறிவுசார் குறைபாடோ, ஆட்டிசமோ, பெருமூளை வாதமோ, வேறு கடுமையான உடல் குறைபாடோ உள்ள பிள்ளை இருந்தால், நீங்கள் வசிக்கும் மாநிலத்தின் வெய்வர் காத்திருப்புப் பட்டியலில் அந்தப் பிள்ளையின் பெயரை இந்த வாரமே போட்டுவிடுங்கள். பிள்ளைக்கு மூன்று வயதானாலும் சரி, பதினாறு வயதானாலும் சரி. உங்கள் சம்பளம் எவ்வளவு என்பதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்.

சம்பளத்தை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நம்மவர்கள் நின்றுவிடும் இடம் அதுதான். "நாங்க ரெண்டு பேரும் ஐ.டி.ல இருக்கோம். மெடிக்கெய்ட் ஏழைங்களுக்குத்தானே, நமக்கு எப்படிக் கிடைக்கும்?" பெற்றோர் என்னிடம் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. சாதாரண மெடிக்கெய்டுக்கு அது சரி. அங்கே குடும்பத்தின் மொத்த வருமானத்தைப் பார்ப்பார்கள். வெய்வரில், டெக்சாஸ் உட்படப் பல மாநிலங்களில், பிள்ளையின் சொந்த வருமானத்தையும் பிள்ளையின் பெயரில் உள்ள சொத்தையும் மட்டும்தான் பார்க்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன வருமானம்? அப்பா அம்மாவின் சம்பளம் அந்தக் கணக்கிலேயே வராது.

இப்படி ஒரு விதி எப்படி வந்தது என்று தெரிந்தால், மற்ற விதிகளும் புரியும்.

மெடிக்கெய்ட் 1965இல், லிண்டன் ஜான்சன் காலத்தில் வந்த திட்டம். அதோடு கூடவே வந்தது மெடிகேர். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மெடிகேர் முக்கியமாக 65 வயதைத் தாண்டியவர்களுக்கு. மெடிக்கெய்டை மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து பணம் போட்டு நடத்துகின்றன. தகுதியுள்ளவர் நர்சிங் ஹோமில் இருந்தால் மெடிக்கெய்ட் பணம் கட்டியே ஆக வேண்டும். அதே ஆள் தன் வீட்டில் இருந்துகொண்டு, குளிக்க வைக்கவும் சாப்பாடு ஊட்டவும் ஒருவர் வேண்டும் என்று கேட்டால், அதைத் தர வேண்டிய கட்டாயம் மாநிலத்துக்குப் பெரிய அளவில் இல்லை. மனிதரைக் கட்டடத்துக்குள் தள்ளும் சாய்வு அந்தச் சட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. இன்றும் முழுதாகப் போகவில்லை.

அந்தச் சாய்வை முதலில் அசைத்தது ஒரு சின்னப் பெண். ஐயோவா மாநிலம், சீடர் ராபிட்ஸ் ஊரைச் சேர்ந்த கேட்டி பெக்கெட். 1978இல் பிறந்தவள். கைக்குழந்தையாக இருந்தபோதே மூளை அழற்சி வந்து, மூச்சுவிட இயந்திரம் தேவைப்பட்டு, மருத்துவமனையிலேயே வளர்ந்தாள். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவர்கள் சொல்லும் நிலைக்கு வந்தபோது ஒரு சிக்கல். மருத்துவமனையில் இருக்கும்வரை மெடிக்கெய்ட் பணம் கட்டும். வீட்டுக்குப் போய்விட்டால் பெற்றோரின் வருமானம் கணக்கில் வந்து, மெடிக்கெய்ட் நின்றுவிடும். 1981 நவம்பரில் அதிபர் ரீகன் ஒரு செய்தியாளர் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசினார். வீட்டில் வைத்துப் பார்க்க மாதம் 1,000 டாலர் ஆகும், அதைத் தர விதி இடம் தரவில்லை, ஆனால் மருத்துவமனையில் வைத்திருக்க மாதம் 6,000 டாலர் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்றார். அந்த டிசம்பரிலேயே கேட்டி வீட்டுக்கு வந்தாள். அதே 1981இல்தான் வெய்வருக்கான பிரிவும் சட்டத்தில் சேர்ந்தது. 1915(சி) என்று விண்ணப்பத் தாள்களில் பார்ப்பீர்களே, அந்தப் பிரிவு. மறு ஆண்டு, கடுமையான குறைபாடுள்ள குழந்தைகளுக்குப் பெற்றோர் வருமானத்தைப் பார்க்காமல் மெடிக்கெய்ட் தர மாநிலங்களுக்கு இன்னொரு வழியும் திறந்தார்கள். அதைக் கேட்டி பெக்கெட் வழி என்றே இன்றும் அழைக்கிறார்கள். கேட்டி வளர்ந்து, கல்லூரியில் படித்து, 34 வயதுவரை வாழ்ந்தார். அவருடைய தாயார் ஜூலி பெக்கெட், கடைசிவரை மற்ற குடும்பங்களுக்காகப் பேசிக்கொண்டே இருந்தவர். அமெரிக்காவில் இந்த உதவி பெறும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் அந்த அம்மாவுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

1999இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஜார்ஜியா மாநிலத்தில் மனநல மருத்துவமனைக்குள் தேவையில்லாமல் வைக்கப்பட்டிருந்த லோயிஸ் கர்ட்டிஸ், எலெய்ன் வில்சன் என்ற இரண்டு பெண்களின் வழக்கு. ஓம்ஸ்டெட் வழக்கு என்பார்கள். வெளியே சமூகத்தில் வாழக்கூடியவரைக் காரணமில்லாமல் நிறுவனத்துக்குள் அடைத்து வைப்பது பாகுபாடு என்று நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு மாநிலங்கள் வெய்வர் இடங்களைக் கூட்டின.

ஆனால் இடங்களுக்கு வரம்பு உண்டு. இந்த ஆண்டு இத்தனை பேருக்குத்தான் வெய்வர் என்று மாநிலமே எண்ணிக்கை வைத்துக்கொள்ளலாம், சட்டம் அனுமதிக்கிறது. நர்சிங் ஹோமுக்கு அப்படி வரிசை வைக்க முடியாது, வீட்டுப் பராமரிப்புக்கு வைக்கலாம். நாடு முழுக்க 7 லட்சம் பேருக்கு மேல் இப்படிப்பட்ட பட்டியல்களில் இருப்பதாக கே.எஃப்.எஃப். என்ற சுகாதார ஆய்வு நிறுவனம் 2024இல் கணக்கெடுத்துச் சொன்னது. அறிவுசார் குறைபாடு, வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள்தான் அதில் மிகப் பெரும்பாலோர்.

டெக்சாஸில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான எச்.சி.எஸ். என்ற வெய்வருக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள். பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தவர்கள் ஏராளம். 1980களில் ஊரில் தொலைபேசி இணைப்புக்குப் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோமே, அந்த வரிசைதான் இங்கேயும். பதிந்த தேதிதான் எல்லாம். மூன்று வயதில் பெயர் போட்ட பிள்ளைக்குப் பள்ளி முடியும் சமயத்தில் கடிதம் வரும். பதினேழு வயதில் போட்டால் முப்பதைத் தொடும்போது வரலாம்.

பள்ளி முடியும் சமயம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பிள்ளை பள்ளியில் இருக்கும்வரை மஞ்சள் பேருந்து வாசலுக்கு வருகிறது, பயிற்சியாளர் இருக்கிறார், ஐ.இ.பி. என்று அந்தப் பிள்ளைக்கென்றே ஆண்டுதோறும் ஒரு கல்வித் திட்டம் போடுகிறார்கள். இதெல்லாம் 21, 22 வயதோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு பகல் முழுவதும் அந்த இளைஞருடன் யார் இருப்பார்கள்? உங்கள் கம்பெனிக் காப்பீடு மருந்துக்கும் மருத்துவருக்கும் தெரபிக்கும் கொடுக்கும். குளிப்பாட்டவும், கூடவே இருந்து பார்த்துக்கொள்ளவும், வேலைப் பயிற்சிக்கு அழைத்துப் போகவும் ஆள் தராது. நீண்டகாலப் பராமரிப்புக்கு இந்த நாட்டில் முக்கியமாகப் பணம் கொடுப்பது மெடிக்கெய்ட்தான். எவ்வளவு சம்பாதித்தாலும், நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு இதைக் கைப்பணத்தில் நடத்த முடிகிற குடும்பம் அபூர்வம்.

சரி, டெக்சாஸில் எப்படிப் பெயர் போடுவது? எச்.சி.எஸ்., டெக்சாஸ் ஹோம் லிவிங் என்ற இரண்டு வெய்வர்களுக்கும் உங்கள் கவுண்டிக்குரிய உள்ளூர் அமைப்பை அழைக்க வேண்டும். லிட்டா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பிளேனோ, ஃப்ரிஸ்கோ இருக்கும் காலின் கவுண்டிக்கு லைஃப்பாத் சிஸ்டம்ஸ். டாலஸ் கவுண்டிக்கு மெட்ரோகேர். ஹூஸ்டனுக்கு ஹாரிஸ் சென்டர், ஷுகர்லேண்ட் பக்கம் டெக்ஸானா. ஆஸ்டினுக்கு இன்டெக்ரல் கேர். கிளாஸ், எம்.டி.சி.பி., டி.பி.எம்.டி. ஆகிய மற்ற மூன்று வெய்வர்களுக்கும் மாநிலச் சுகாதாரத் துறையிடமே நேராகப் பெயர் கொடுக்கலாம். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, முகவரி, சோஷியல் செக்யூரிட்டி எண் இவ்வளவுதான் கேட்பார்கள். மருத்துவச் சான்று எதுவும் இந்தக் கட்டத்தில் தேவையில்லை. தகுதி உண்டா இல்லையா என்பதை உங்கள் முறை வரும்போதுதான் பார்ப்பார்கள். ஆகவே எந்த வெய்வர் நம் பிள்ளைக்குப் பொருந்தும் என்று ஆராய்ந்துகொண்டு மாதங்களைக் கழிக்காதீர்கள். பொருந்தக்கூடியது என்று தோன்றும் எல்லாப் பட்டியலிலும் போடுங்கள். கையில் வரும்போது ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும், ஆனால் வரிசையில் நிற்பதற்குத் தடை இல்லை.

பொதுவாகச் சொன்னால், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு எச்.சி.எஸ். 22 வயதுக்கு முன் தொடங்கிய பெருமூளை வாதம், ஆட்டிசம், வலிப்பு போன்றவற்றுக்கு கிளாஸ். மருத்துவ ரீதியாக மிகவும் நலிந்த, 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு எம்.டி.சி.பி. பார்வையும் செவித்திறனும் இரண்டுமே குறைந்து, கூடவே வேறொரு குறைபாடும் உள்ளவர்களுக்கு டி.பி.எம்.டி.

பெயர் போட்டதும் எழுத்தில் உறுதிக் கடிதம் கேட்டு வாங்குங்கள். தேதியைப் பாருங்கள். வீடு மாறினால், போன் எண் மாறினால் உடனே சொல்லுங்கள். அவ்வப்போது ஒரு வினாப் படிவம் அனுப்புவார்கள், அல்லது போனில் கேட்பார்கள். பதில் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். அபார்ட்மெண்டில் இருந்து சொந்த வீட்டுக்குப் போன சந்தோஷத்தில் முகவரி மாற்றாமல் விட்டு, பல ஆண்டு வரிசையை இழந்த குடும்பங்கள் உண்டு.

மற்ற மாநிலங்களில் கேட்பவர்களுக்காகக் கொஞ்சம். கலிஃபோர்னியாவில் 21 ரீஜனல் சென்டர்கள் இருக்கின்றன. அங்கே 1969ஆம் ஆண்டின் லான்டர்மன் சட்டப்படி வளர்ச்சிக் குறைபாடுள்ளவர்களுக்குச் சேவை என்பது உரிமை. உங்கள் பகுதி ரீஜனல் சென்டரில் சேர்ந்து, அங்கிருக்கும் ஒருங்கிணைப்பாளரிடம் வெய்வர் பற்றிக் கேளுங்கள். பென்சில்வேனியாவில் கடுமையான குறைபாடுள்ள குழந்தைக்குப் பெற்றோர் வருமானம் பார்க்காமலே மெடிக்கெய்ட் தருகிறார்கள். ஜார்ஜியாவில் கேட்டி பெக்கெட் வழி உண்டு. நியூ ஜெர்சியில் வயது வந்தோருக்கான சேவைகள் 21இல் தொடங்குகின்றன, தகுதிக்கான விண்ணப்பத்தை 18 வயதிலேயே போடலாம். அதற்கு மெடிக்கெய்ட் கையில் இருக்க வேண்டும். இல்லினாய்சில் பன்ஸ் என்ற பட்டியலில் பெயர் வேண்டும். வழிகள் வேறு, ஆனால் எல்லா இடத்திலும் முன்கூட்டிக் கேட்டவர்களுக்கே கிடைக்கிறது.

இன்னொன்று, நம்மவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். வெய்வர் மாநிலம் தாண்டி வராது. வேலை மாறி டாலஸில் இருந்து சியாட்டலுக்குப் போனால், அங்கே வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். கையில் வெய்வர் இருந்தாலும் அப்படித்தான். நூறு டாலர் சம்பளம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று மாநிலம் மாறுவதற்கு முன், இந்தக் கணக்கையும் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேச வேண்டும்.

அடுத்து விசா பற்றிய பயம். அமெரிக்காவில் பிறந்த பிள்ளை அமெரிக்கக் குடிமகன், குடிமகள். அப்பா எச்-1பி விசாவில் இருந்தாலும், பிள்ளையின் தகுதி பிள்ளையுடையது. இந்தியாவில் பிறந்து கிரீன் கார்டு வாங்கிய பிள்ளைக்கு, 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்தாண்டுத் தடை உண்டு. ஆனால் 2009இல் வந்த ஒரு சட்டத்தைப் பயன்படுத்திப் பல மாநிலங்கள் குழந்தைகளுக்கு அந்தத் தடையை நீக்கியிருக்கின்றன. உங்கள் மாநிலம் அதில் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

"மெடிக்கெய்ட் வாங்கினால் கிரீன் கார்டு கெட்டுப்போகுமாமே" என்பது இன்னொரு பயம். 2022ஆம் ஆண்டு விதிப்படி, அரசுக்குப் பாரமாகிவிடுவார் என்ற கணக்கில் வீட்டுப் பராமரிப்பு வெய்வர் சேராது. நீண்டகாலம் நிறுவனத்தில் தங்கும் செலவுதான் சேரும். குடிமகனான பிள்ளை பெறும் உதவி பெற்றோர் மேல் விழாது. ஆனால் அந்த விதியை விலக்கிக்கொள்ளும் முன்மொழிவை 2025 நவம்பரில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை வெளியிட்டது. எனவே கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்கள், சேவை பெறத் தொடங்கும் முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் வரும் தகவலை நம்பி முடிவெடுக்காதீர்கள். பட்டியலில் பெயர் போடுவது எந்த உதவியையும் பெறுவது ஆகாது. அதைத் தள்ளிப்போட விசா ஒரு காரணமே இல்லை.

அப்புறம், வெளியே தெரிந்துவிடுமோ என்ற தயக்கம். "மூத்தவளுக்கு வரன் பாக்கறோம், இந்த நேரத்துல தம்பி பேர அரசாங்கத்துல பதியணுமா?" என்று ஓர் அம்மா என்னிடம் கேட்டார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. நம் சமூகம் அப்படிப் பயப்பட வைத்திருக்கிறது. அவரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். மெடிக்கெய்ட் விவரங்கள் சட்டப்படி ரகசியம். யாரும் தேடிப் பார்க்கக்கூடிய பதிவேடு எதிலும் அந்தப் பெயர் வராது.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். முறை வந்து கடிதம் வந்த பிறகு, ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்து மதிப்பீடு செய்வார். வெய்வர் கிடைக்க வேண்டுமானால், இந்த உதவி இல்லாவிட்டால் இவர் ஒரு நிறுவனத்தில் இருக்க வேண்டிய அளவுக்குப் பராமரிப்புத் தேவைப்படுகிறது என்று நிறுவ வேண்டும். டெக்சாஸ் எச்.சி.எஸ்.ஸில் அறிவுத்திறன் மதிப்பீடு ஒன்று இருக்கும். அதோடு ஐகேப் என்ற கேள்வித்தாள். தானே சாப்பிடுவானா, தானே உடை மாட்டுவானா, ஆபத்து தெரியுமா, கோபம் வந்தால் என்ன செய்வான், வாரத்தில் எத்தனை முறை என்று வரிசையாகக் கேட்பார்கள்.

இங்கேதான் நம் பெற்றோர் தங்கள் பிள்ளைக்கு எதிராகவே சாட்சி சொல்லிவிடுகிறார்கள், அதுவும் அன்பினால். "தானே சாப்பிடுவானா?" "ஓ, நல்லா சாப்பிடுவானே." உண்மையில் என்ன நடக்கிறது? அம்மா சாதத்தைப் பிசைந்து தட்டில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வாய்க்கும் "சாப்புடு கண்ணா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படிச் சொல்லாவிட்டால் தட்டு அப்படியே இருக்கும். கேள்வி கேட்பவர் தானே என்று சொல்வது, யாரும் சொல்லாமல், பக்கத்தில் யாரும் நிற்காமல், முழுதாகச் செய்து முடிப்பதை. பல் தேய்ப்பான், ஆனால் பேஸ்ட் வைத்துக் கொடுக்க வேண்டும், வாய் கொப்பளிக்கச் சொல்ல வேண்டும். அப்படியானால் அவனுக்கு உதவி தேவை என்றுதான் பதில்.

வீட்டில் பாட்டி இருந்தால், நடுவே வந்து "எங்க பேரனுக்கு ஒண்ணுமில்ல, பேச்சுதான் கொஞ்சம் லேட்டு" என்பார். அது பாட்டியின் பாசம். வந்தவர் அதையும் குறித்துக்கொள்வார். பாட்டியிடம் முன்பே உட்கார்ந்து, இந்தச் சந்திப்பு எதற்காக என்று பொறுமையாகச் சொல்லுங்கள். பிள்ளையைக் குறை சொல்லப்போவதில்லை, அவனுக்கு என்ன தேவை என்று சொல்லப்போகிறோம் என்று புரிய வையுங்கள்.

விருந்தாளி வருகிறார் என்று வீட்டை ஒழுங்குபடுத்தி, பிள்ளை சத்தம் போடாமல் இருக்க ஐபேட் கொடுத்து ஓரமாக உட்கார வைப்பதும் வேண்டாம். அன்றாடம் வீடு எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும். வாசல் கதவில் மேலே கூடுதலாக ஒரு தாழ்ப்பாள் போட்டிருக்கிறீர்களா, அவன் ஓடிவிடுகிறான் என்று? அதைக் காட்டுங்கள். அடுப்பின் திருகுகளைக் கழற்றி வைத்திருக்கிறீர்களா? காட்டுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து யார் கூட உட்கார்ந்திருக்கிறார்கள்? அதைச் சொல்லுங்கள். பல அம்மாக்கள் இரவு விழிப்பதைச் சொல்லவே மாட்டார்கள், அது தாயின் கடமை என்று நினைத்து. அது கடமைதான். அதே சமயம் அது பராமரிப்பு வேலையும்கூட. அந்த வேலைக்கு ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் இந்தத் திட்டமே இருக்கிறது.

மிகைப்படுத்திச் சொல்லச் சொல்லவில்லை. பொய் ஒன்றுகூட வேண்டாம். சந்திப்புக்கு முன் சில வாரங்கள் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எப்போது விழித்தான், எத்தனை முறை உடை மாற்ற வேண்டியிருந்தது, எந்த நாளில் தன்னையே அடித்துக்கொண்டான், வலிப்பு வந்ததா என்று. நினைவில் இருந்து சொன்னால் நல்ல நாள்தான் முதலில் வாயில் வரும். நோட்டைப் பார்த்துச் சொன்னால் உள்ளது உள்ளபடி வரும். பள்ளியின் ஐ.இ.பி., தெரபி அறிக்கைகள், அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போன காகிதங்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

ஆங்கிலத்தில் இதையெல்லாம் சொல்லத் தடுமாற்றமாக இருந்தால், தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். போன் வழியாகவாவது ஏற்பாடு செய்து தருவார்கள், கட்டணம் கிடையாது. மத்திய அரசுப் பணம் பெறும் எந்த அமைப்பும் மொழி உதவி செய்ய வேண்டும் என்பது 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தில் இருந்து வருகிற கடமை. வேலைக்கு ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர்களுக்குக்கூட, பிள்ளையின் கஷ்டத்தைச் சொல்லும்போது தாய்மொழிதான் வரும். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அடுத்தது பணம். டெக்சாஸில் பிள்ளையின் பெயரில் 2,000 டாலருக்கு மேல் சொத்து இருக்கக் கூடாது. பழைய வரம்பு, பல ஆண்டுகளாக உயர்த்தவே இல்லை, எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. ஆனால் விதி அதுதான். வருமானத்துக்கு மாத வரம்பு, டெக்சாஸில் 2026ஆம் ஆண்டுக்கு 2,982 டாலர், பிள்ளையின் சொந்த வருமானம் மட்டும். இங்கே நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பிள்ளை பிறந்ததும் தாத்தா ஊரில் வங்கியில் அவன் பெயருக்கு ஃபிக்சட் டெபாசிட் போட்டிருப்பார். "அவனுக்குன்னு ஏதாவது இருக்கணும்" என்று ஒரு மனை வாங்கி அவன் பெயரில் பதிந்திருப்பார்கள். இங்கே அப்பா அவன் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு திறந்திருப்பார். எல்லாம் அவன் நல்லதுக்குத்தான். ஆனால் மெடிக்கெய்ட் பார்க்கும்போது அதெல்லாம் அவன் சொத்து. அதை மறைக்கவும் கூடாது. எனவே இனிமேல் எதையும் நேராக அவன் பெயரில் போடாதீர்கள் என்று ஊரில் உள்ளவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

அவனுக்குச் சேமிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, 2014இல் வந்த சட்டப்படி திறக்கும் ஏபிள் கணக்கு. அதில் உள்ள பணம் மெடிக்கெய்டின் 2,000 டாலர் கணக்கில் சேராது. முன்பு 26 வயதுக்கு முன் குறைபாடு தொடங்கியவர்கள் மட்டும்தான் திறக்க முடிந்தது, 2026 ஜனவரியில் இருந்து அது 46 வயதாகியிருக்கிறது. இன்னொன்று, சிறப்புத் தேவை டிரஸ்ட். பெற்றோர் தங்கள் பணத்தை அதில் வைக்கலாம். உயில் எழுதும்போதும், ஆயுள் காப்பீட்டில் நாமினி போடும்போதும் பிள்ளையின் பெயரைப் போடாமல் அந்த டிரஸ்டின் பெயரைப் போட வேண்டும். இதற்கு, இந்தத் துறை தெரிந்த வழக்கறிஞர் வேண்டும். சாதாரண உயில் எழுதுபவர் போதாது.

வெய்வர் கிடைத்தால் என்ன வரும்? வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் ஆள், பெற்றோர் ஓய்வெடுக்க ரெஸ்பிட் நேரம், நர்சு, தெரபி, பல் மருத்துவம், குளியலறையைச் சக்கர நாற்காலிக்கு ஏற்ப மாற்றுவது, வேலையில் சேர்த்துக் கூடவே இருந்து பழக்குவது, எச்.சி.எஸ்.ஸில் பிற்காலத்தில் சிறு குழு வீட்டில் வசிப்பதுவரை. பல சேவைகளுக்கு ஆளை நீங்களே தேர்ந்தெடுத்து அமர்த்தலாம். தமிழ் பேசுகிற, ரசம் சாதம் பிசையத் தெரிந்த ஒருவரை வைத்துக்கொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் அவருக்கு இங்கே வேலை செய்ய அனுமதி இருக்க வேண்டும். விசிட்டர் விசாவில் வந்திருக்கும் பாட்டிக்கு இதில் சம்பளம் போட முடியாது. போட்டால் அவருக்கும் உங்களுக்கும் சிக்கல்.

காத்திருக்கும் காலத்தில் கை கட்டி உட்கார வேண்டியதில்லை. 18 வயது நிறைந்ததும் பெற்றோர் வருமானத்தைப் பார்க்காமலே, குறைபாடுள்ளவர்களுக்கு மத்திய அரசு மாதாமாதம் தரும் எஸ்.எஸ்.ஐ. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். டெக்சாஸில் எஸ்.எஸ்.ஐ. கிடைத்தால் மெடிக்கெய்டும் கூடவே வரும். 21 வயதுக்கு உட்பட்ட, மெடிக்கெய்ட் உள்ள பிள்ளைக்கு, மருத்துவ ரீதியாகத் தேவையான எல்லாச் சிகிச்சையும் தர வேண்டும் என்று தனி விதி இருக்கிறது, அதற்கு வரிசையும் கிடையாது. நெருக்கடி நிலையில் உள்ளவர்களுக்கு வரிசையைத் தாண்டும் வழிகளும் உண்டு. டெக்சாஸில் மருத்துவ ரீதியாக மிக நலிந்த குழந்தைகள் நர்சிங் ஹோமில் குறுகிய நேரம் தங்கி, அதன் வழியாக எம்.டி.சி.பி.க்குள் வரும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காகக் குழந்தையை ஒரு முறை நிறுவனத்தில் படுக்க வைத்து எடுக்க வேண்டியிருக்கிறது. 1965இன் அந்தச் சாய்வு இன்னும் இருக்கிறது என்று சொன்னேனே, இதைவிட என்ன சான்று வேண்டும்?

2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தால் பத்தாண்டுகளில் மெடிக்கெய்டுக்கான மத்தியச் செலவு 90,000 கோடி டாலருக்கு மேல் குறையும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பணம் குறையும்போது மாநிலங்கள் முதலில் கை வைக்கக்கூடியது கட்டாயமில்லாத சேவைகளில். வெய்வர் அந்த வகையில் வருகிறது. இதனால் பயந்து ஒதுங்க வேண்டாம். உங்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போன் செய்து, எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை பட்டியலில் இருக்கிறது என்று சொல்லுங்கள். ஓட்டு உள்ளவர்கள் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம்மவர்கள் இதில் மிகவும் அமைதியாக இருக்கிறோம். கோயில் கட்ட அனுமதி வாங்க நகர மன்றத்துக்குக் கூட்டமாகப் போகத் தெரிந்த நமக்கு, இதற்கும் போகத் தெரியும்.

கடைசியாக, மறுத்துக் கடிதம் வந்தால். மறுப்பு முடிவல்ல. எந்த விதியின்படி மறுத்தார்கள் என்று கடிதத்தில் இருக்க வேண்டும். மேல்விசாரணை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. டெக்சாஸில் 90 நாட்களுக்குள் கேட்க வேண்டும். ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கும் சேவையைக் குறைக்கப்போவதாகக் கடிதம் வந்தால் 90 நாள் காத்திருக்காதீர்கள். அது அமலுக்கு வரும் தேதிக்கு முன்பே மேல்விசாரணை கேட்டால், தீர்ப்பு வரும்வரை சேவை தொடரும். இதற்கு உதவ ஒவ்வொரு மாநிலத்திலும் மத்தியச் சட்டப்படி ஒரு உரிமைப் பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. டெக்சாஸில் அதன் பெயர் டிஸபிலிட்டி ரைட்ஸ் டெக்சாஸ். அவர்களுடைய சட்ட உதவிக்குக் கட்டணம் இல்லை. கடிதத்தின் உறையையும் தூக்கிப் போடாதீர்கள். அதில் உள்ள தபால் முத்திரைத் தேதி கெடுவைக் கணக்கிடும்போது தேவைப்படலாம்.

நன்றி, வணக்கம்.